டொமைன் வாங்கி விற்கிற கொழும்பு ஆக்கள், உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

பாமன்கடை அண்ணை:

நானே தொடங்கி வைக்கிறன். எங்கட ஆக்களிட்ட டொமைன், அதாவது இணையத்தளப் பேர், வாங்கி விற்கிற இந்தத் தொழிலைச் சொன்னால் உடனே "ஓ, இன்ரநெற்றில காணி வாங்கிறது" எண்டுவினம். வெள்ளவத்தையில ஒரு துண்டுக் காணியை வாங்கி மதில் கட்டிவிட்டால் அது தன்பாட்டில கிடக்கும். டொமைன் அப்பிடியில்லை. வருசா வருசம் டொலரில காசு கட்டாட்டில் கையை விட்டுப் போயிடும். டொட் கொம் பேருகளை நிர்வகிக்கிற வெரிசைன் கொம்பனி, எங்களுக்குப் பேர் பதிஞ்சு தாற ரெஜிஸ்ரார்மாரிட்ட ஒரு பேருக்கு வருசத்துக்கு அறவிடுற மொத்த விலையே 2024 செப்ரெம்பரில 10.26 டொலருக்குப் போனது. அதுக்கு மேல ரெஜிஸ்ராரின்ர லாபம். ஒரு வருசத்தில கையில இருக்கிற நூறு டொமைனில ஒண்டோ ரெண்டோ விற்றாலே நல்ல வருசம் எண்டுதான் தொழில்காரர் சொல்லுவினம்.

2022ஐ மறக்கேலாது. மார்ச் தொடக்கத்தில 200 சொச்சமாக நிண்ட டொலர் மே மாதம் 360 வரை ஏறிச்சுது. கையில இருந்த பேருகள் அதே பேருகள்தான், புதுப்பிக்கிற செலவு மட்டும் ரூபாயில ரெண்டு மடங்குக்குக் கிட்ட. என்ர வங்கிக் காட்டும் வேலை செய்யேல்லை. ரொறன்ரோவில இருக்கிற மச்சான்ர காட்டாலதான் கட்டினது. அவர் காசு தாற ஆள், கேள்வி கேட்காமல் விடுவாரே? ஒவ்வொரு பேருக்கும் "இதை ஆர் வாங்குவான்?" எண்டு கேட்பார். பதில் சொல்ல ஏலாத பேரெல்லாத்தையும் விட்டிட்டன். கறுவா, தேயிலை, மாணிக்கக்கல் எண்டு ஒரு சாமானும் அதோட இன்னொரு சொல்லும் சேர்ந்த பேருகள் தப்பிச்சுது. அதுகளை வாங்கக்கூடிய கடை ஒண்டில்லை, பல இருக்கு. ஒரேயொரு கொம்பனிக்கு மட்டும் பொருந்துற பேரெண்டால், அந்த முதலாளி வேண்டாமெண்ட உடனே கதை முடிஞ்சுது. கொழும்பில மலிவாக வாடகைக் கார் எண்ட மாதிரி நீட்டி முழக்கின பேருகள் அத்தனையும் போச்சு. இண்டுவரைக்கும் ஒருத்தரும் அதுகளை எடுக்கேல்லை, அதுவும் ஒரு ஆறுதல்தான்.

கொட்டாஞ்சேனை 13:

நான் வெளிநாட்டு வாங்குபவர்களை நம்பி இல்லை. என்னுடைய நல்ல விற்பனை செட்டியார் தெருவில்தான் நடந்தது. நகைக்கடை ஒன்றுக்குப் பொருந்தும் இரண்டு சொல் டொட் கொம் என்னிடம் இருந்தது. அந்தப் பெயரைத் தட்டினால் "விற்பனைக்கு" என்று ஒரு பக்கமும் என் வட்ஸ்அப் இலக்கமும் வரும். பதிவு விவரங்களைத் தேடினால் உரிமையாளர் யாரென்று தெரிந்த காலம் போய்விட்டது. 2018இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதெல்லாம் மறைக்கப்படுகிறது. அதனால் அந்த ஒரு பக்கம் இல்லாமல் பெயரை வைத்திருப்பது, கடைக்குள் சாமானை வைத்துக் கதவைச் சாத்தி வைத்த கணக்கு.

கடை முதலாளியின் மகன்தான் செய்தி போட்டார். ஆனால் காசு அப்பாவிடம். போனேன். பிளேன்ரீ வந்தது. விலையைச் சொன்னதும் முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பவுனென்றால் நிறுத்துப் பார்க்கலாம் தம்பி. இதை எதில் நிறுப்பது?" நான் பதில் சொல்லாமல் அவருடைய போனிலேயே அப்போதைய அவர்களின் முகவரியைத் தட்டச் சொன்னேன். நடுவில் ஒரு கோடு, கடைசியில் ஒரு இலக்கம். இரண்டு தரம் பிழைத்து, மூன்றாம் தரம்தான் சரியாக வந்தது. பிறகு என்னுடைய பெயரைத் தட்டினார். ஒரே தரம். அதற்குப் பிறகு நான் அதிகம் கதைக்கவில்லை, மகன்தான் கதைத்தார். அன்றைய ஒரு பவுன் விலைக்கு முடிந்தது. அந்தக் கணக்கு அவரே வைத்தது.

யார் முதலில் கொடுப்பது என்பதுதான் இழுபறி. மகனை அதே ரெஜிஸ்ராரில் கணக்குத் திறக்கச் சொன்னேன். ஒரே இடத்துக்குள் கணக்கு மாற்றினால் சில நிமிட வேலை. வேறு ரெஜிஸ்ராருக்குக் கொண்டுபோவதென்றால் பெயரின் பூட்டைத் திறந்து, ஓத் கோட் என்ற மாற்று அனுமதிக் குறியீட்டை எடுத்து, ஐந்து நாள் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு போனையும் கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவர் வங்கியில் அனுப்பும் பொத்தானை அழுத்த, எனக்கு எஸ்எம்எஸ் வர, நான் பெயரை அவருடைய கணக்குக்குத் தள்ளிவிட்டேன்.

தெஹிவளை அக்கா:

உங்களுக்கு நகைக்கடை, எனக்கு வந்ததெல்லாம் கள்ளர்தான். ஒருத்தர் மின்னஞ்சல் போட்டார், நான் கேட்டதற்கு மேலேயே விலை சொன்னார். பேரம் இல்லை. அங்கேயே ஒரு மணி அடிக்க வேண்டும். பெயர் வாங்க உண்மையாக வருகிறவன் பாதி விலையில்தான் தொடங்குவான். அடுத்த மடலில், "எங்கள் முதலீட்டாளருக்கு மதிப்பீட்டுச் சான்றிதழ் வேண்டும், இந்த இடத்தில் எடுங்கள்" என்று ஒரு இணைப்பு. அந்த மதிப்பீட்டுத் தளத்தின் பதிவுத் திகதியைப் பார்த்தேன். பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை! "நீங்களே எடுங்கள், அந்தக் காசை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினேன். அதோடு ஆளைக் காணோம்.

இன்னொரு வகை, சீனாவிலிருந்து வரும் கடிதம். உங்கள் கொம்பனிப் பெயரை யாரோ அங்கே பதியப் போகிறார், உடனே பதில் போடுங்கள் என்று மிரட்டும். புறக்கோட்டையில் எனக்குத் தெரிந்த இறக்குமதிக்காரர் அதை அச்செடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். அப்படி ஒரு ஆளும் இல்லை, கடிதம் போட்டவர்கள் உங்கள் தலையில் பெயரைக் கட்டி விற்கிற வழி அது என்று சொல்லி அனுப்பினேன்.

மருதானை ரயில்:

பெரிய வங்கி, போன் கொம்பனிகளின் பெயர்கள் டொட் கொம் இல்லாத வேறு முடிவுகளோடு, யாரும் பதியாமல் சும்மா கிடக்கின்றனவே. எடுத்து வைத்தால் அவர்களே வந்து வாங்குவார்களா?

பாமன்கடை அண்ணை:

தம்பி, அதைத் தொடாதையும். இணையப் பேருகளை மேற்பார்வை செய்யிற ஐகான் அமைப்பு 1999இல கொண்டுவந்த பிணக்குத் தீர்வு முறை இருக்கு. வர்த்தகச் சின்னத்தோட பேர் ஒத்துப்போகுது, உமக்கு அதில நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தில பதிஞ்சு பாவிக்கிறீர் எண்டு மூண்டையும் காட்டினால் பேர் அவங்களுக்குப் போகும். ஒரு சதமும் வராது. வைப்போ எண்ட உலக அறிவுசார் சொத்து அமைப்பில முறைப்பாடு வைக்க அவங்களுக்கு ஒரு நடுவரோட 1500 டொலர் கட்டணம், அதால உமக்கு ஆயிரம் டொலர் தருவாங்கள் எண்டு கணக்குப் போடுற ஆக்கள் இருக்கினம். ஆனால் காசு கேட்டு நீர் போடுற மடலே உம்மட கெட்ட எண்ணத்துக்கு அவங்களுக்குச் சாட்சி.

வெளிநாட்டு விற்பனை ஒண்டையும் சொல்லுறன். காசை நடுவில வைச்சிருந்து குடுக்கிற எஸ்க்ரோ டொட் கொம் வழியா வந்தது: வாங்கிறவர் காசை அவையிட்ட கட்ட, நான் பேரை மாத்த, கிடைச்சுது எண்டு அவர் சொன்ன பிறகு காசு என்ர வங்கிக் கணக்குக்கு. அதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு வங்கிப் பிள்ளை போன் எடுக்கிறா.

"ஐயா, இந்தக் காசு என்னத்துக்கு வந்தது?"

"பேர் வித்த காசு பிள்ளை."

"ஆற்ற பேர்? உங்கட பேரா?"

விற்பனை ஒப்பந்தத்தை அச்செடுத்துக்கொண்டு நேர போனன். படிவத்தில இதுக்கு ஒரு இடமும் இல்லை. கடைசியில கணினிச் சேவை எண்டு எழுதித்தான் விட்டவை. அதால சொல்லுறன், ஒப்பந்தமும் மின்னஞ்சல்களும் பத்திரமா வைச்சிருங்கோ.

கொட்டாஞ்சேனை 13:

தமிழில் பெயர் வைத்திருப்பவர் யாரும் உண்டா? தமிழ் எழுத்திலேயே முடியும் டொட் இலங்கை 2010இலேயே வந்துவிட்டது. என்னிடம் ஒன்று இருக்கிறது, ஆசைக்கு. விலை கேட்டு ஒரு குருவி வரவில்லை. கடைக்காரர்கள் தமிழில் பலகை எழுதுவார்கள், முகவரி மட்டும் ஆங்கில எழுத்தில்தான் கேட்கிறார்கள். மின்னஞ்சலுக்குள் போட்டால் தமிழ்ப் பெயருக்குப் பதிலாக எக்ஸ் என் கோடு கோடு என்று ஏதோ வருகிறது, அதைப் பார்த்ததும் பயந்து விடுகிறார்கள்.

தெஹிவளை அக்கா:

என்னிடம் இலங்கைக்குரிய டொட் எல்கே பெயர் ஒன்று இருக்கிறது, மொரட்டுவையில் ஒருவர் கேட்டிருக்கிறார். எல்கே பெயரைக் கைமாற்றியவர்கள் என்னென்ன கடிதம் கொடுத்தீர்கள், எத்தனை நாள் எடுத்தது என்று எழுதுங்கள். வாற கிழமை அவரைச் சந்திக்கிறேன்.