ஸ்னாப்ஷாட்: படமா, பதிவா, முளையா? (அமிகா வொர்க்பெஞ்ச் மொழிக்கோப்பு)

வணக்கம்.

அமிகா கணினியின் மேசைத்திரை மென்பொருளான வொர்க்பெஞ்ச் 3.1க்கான தமிழ் மொழிக்கோப்பில் 'ஐகான்ஸ்' மெனு மட்டும் முடியாமல் நிற்கிறது. ஓப்பன், காப்பி, ரீநேம் மூன்றுக்கும் திற, நகலெடு, பெயர் மாற்று என்று வைத்தாயிற்று. லீவ் அவுட்டும் புட் அவேயும் வெளியே வை, உள்ளே வை என்று எளிதாக அமைந்துவிட்டன. இழுபறி ஸ்னாப்ஷாட், அன்ஸ்னாப்ஷாட் என்ற இணையில்தான். முதலாவது ஒரு சின்னம் (ஐகான்) திரையில் இருக்கும் இடத்தைச் சேமிக்கும், இரண்டாவது அந்தச் சேமிப்பைக் கைவிடும். வரைவில் இப்போது இருப்பது 'நொடிப்படம்', 'நொடிப்படம் நீக்கு'.

சின்னத்தை இழுத்து வைத்ததுமே அதன் இடம் தானாகச் சேமிக்கப்படவேண்டும் என்று பயனர்கள் பலகாலமாகக் கேட்டுவருகிறார்கள். அப்படி ஒரு தேர்வைச் சேர்த்தால் அதற்கும் பெயர் வேண்டும். இரண்டையும் சேர்த்தே பேசிவிடலாம்.

* * *

> வரைவில் இப்போது இருப்பது 'நொடிப்படம்'

வேண்டாம். இந்தக் கட்டளை எந்தப் படத்தையும் எடுப்பதில்லை. நொடிப்படம் என்று பார்ப்பவர் திரையைப் படம்பிடிக்கும் வசதி என்றே நினைப்பார், அழுத்திவிட்டுக் கோப்பு எங்கே என்று தேடுவார். ஆங்கிலப் பெயரே பொருத்தமில்லாதது. அதன் பொருத்தமின்மையையும் சேர்த்து மொழிபெயர்க்கும் கடமை நமக்கு இல்லை.

நடப்பது இதுதான். ஒவ்வொரு சின்னத்துக்கும் பின்னால் ஓர் இன்ஃபோ கோப்பு உண்டு. அதன் தொடக்கத்தில் 78 பைட் நீளமுள்ள தலைப்பகுதி. அதில் 58ஆம் பைட்டிலிருந்து நான்கு பைட் கிடைமட்ட இடம், 62ஆம் பைட்டிலிருந்து நான்கு பைட் செங்குத்து இடம். ஸ்னாப்ஷாட் கொடுத்தால் சின்னம் அப்போது இருக்கும் இடம் அந்த எட்டு பைட்டில் எழுதப்படும். அன்ஸ்னாப்ஷாட் கொடுத்தால் அதே இடங்களில் ஹெக்ஸ் (பதினாறடிமான) எண் 80000000 எழுதப்படும். 'இதற்கென்று இடம் இல்லை, காலியாக இருக்கும் இடத்தில் போட்டுக்கொள்' என்று பொருள்.

ஆகவே 'இடப்பதிவு', 'இடப்பதிவு நீக்கு' என்று பரிந்துரைக்கிறேன்.

* * *

இடப்பதிவு நல்ல சொல். ஆனால் மெனுவில் மற்றவை எல்லாம் ஏவல் வினைகள்: திற, நகலெடு, வெளியே வை. நடுவில் ஒரு பெயர்ச்சொல் வந்தால் பல்லில் கல் கடிபட்டதுபோல் இருக்கும். ஸ்னாப்ஷாட் ஆங்கிலத்தில் பெயரும் வினையுமாக இருப்பதால் அங்கே உறுத்தவில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து இரண்டாவது சொல்லில். அதே மெனுவில் சற்றுக் கீழே டெலீட் இருக்கிறது, அதற்கு 'நீக்கு' என்று வைத்திருக்கிறோம். ஒரே பட்டியலில் 'இடப்பதிவு நீக்கு' என்றும் 'நீக்கு' என்றும் இருந்தால், வலது பொத்தானை அழுத்திப் பிடித்தபடி இறங்குகிறவரின் கண் கடைசிச் சொல்லைத்தான் பிடிக்கும். எதிர்ச்சொல்லில் நீக்கு, அழி, அகற்று எதுவும் வரக்கூடாது.

என் பரிந்துரை 'முளையடி', 'முளை பிடுங்கு'. முளையில் கட்டிய மாடு கயிற்றின் எல்லைக்குள் எங்கும் மேயலாம், இரவில் முளைக்குத்தான் திரும்பும். இங்கும் அதே கதை. பதித்தபின் சின்னத்தை இழுக்க முடியும், அது பூட்டப்படவில்லை. சாளரத்தை மூடித் திறந்தால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். 'பூட்டு', 'நிலைநிறுத்து' போன்ற சொற்களில் இந்த நுணுக்கம் கெட்டுவிடும்.

* * *

> முளையில் கட்டிய மாடு

உவமை பொருத்தம், ரசித்தேன் ஐயா. ஆனால் மாடு கட்டிய வீட்டில் வளராதவருக்கு முளை என்றால் விதையில் வருவதுதான். 'முளை பிடுங்கு' களையெடுப்பதுபோல் ஆகிவிடும்.

பெயர் வைக்குமுன் தானியங்கிக் கோரிக்கையையும் பார்க்கவேண்டும். இந்த எந்திரம் ஏன் தானாகச் சேமிப்பதில்லை என்பது தெரிந்தால் சொல்லில் எதை அழுத்தவேண்டும் என்பதும் தெரியும். பலர் இதைச் சோம்பேறித்தனமான வடிவமைப்பு என்கிறார்கள். மெக்கின்டாஷ் கணினியின் மேசைத்திரையான ஃபைண்டர் செய்கிறதே என்கிறார்கள். அங்கே வட்டை வெளியே தள்ளுவது மென்பொருள், எழுதி முடிக்காமல் விடாது. அமிகாவின் 880 கிலோபைட் வட்டை இயக்கியிலிருந்து யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பொத்தானை அழுத்தி எடுக்கலாம். எழுதும்போது எடுத்தால் அந்த வட்டைத் திரும்பப் போட்டே ஆகவேண்டும் என்ற எச்சரிக்கை வரும். போடாமல் மறுதொடக்கம் செய்தால் வட்டு சரிபார்க்கப்படாத நிலையில் கிடக்கும். விளையாட்டாக ஒரு சின்னத்தை நகர்த்தியதற்கு இவ்வளவு விலை கொடுக்க முடியாது. இதில் எட்டு பைட் மட்டும் மாறுவதுமில்லை. சின்னங்களைக் கையாளும் ஐகான் லைப்ரரி என்ற நிரல்தொகுப்பு இன்ஃபோ கோப்பு முழுவதையும் திரும்ப எழுதுகிறது.

எழுதுதடை போட்ட வட்டில் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு பிழைச் சாளரம் வரும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. 2.0 முதல் 'எல்லாக் கோப்புகளும்' என்ற காட்சி உண்டு. இன்ஃபோ இல்லாத கோப்புக்கும் அதில் ஒரு பொதுச் சின்னம் தெரியும். அதை ஸ்னாப்ஷாட் செய்தால் வட்டில் உண்மையான இன்ஃபோ கோப்பு பிறக்கும். சின்னம் வேண்டுவோர் இதையே ஒரு குறுக்குவழியாகப் பயன்படுத்துகிறார்கள். தானியங்கியாக்கினால் நிலைமை தலைகீழ். 80 கோப்புள்ள இழுப்பறையை (கோப்புறையை) ஒருமுறை ஒழுங்குபடுத்தினால் 80 இன்ஃபோ கோப்புகள் முளைக்கும் (மேலே சொன்ன முளை அல்ல). ஒன்று 1 கிலோபைட் என்றால் எஃப்எஃப்எஸ் என்ற அமிகா கோப்புமுறை வட்டில் தலைப்புக்கு 512 பைட் கொண்ட ஒரு கட்டம், தரவுக்கு இரண்டு, ஆக மூன்று கட்டங்கள். மொத்தம் 240. வட்டில் இருப்பதே 1,760 கட்டங்கள். ஏழில் ஒரு பங்கு அநியாயமாகப் போய்விடும்.

திரைத் தெளிவும் இருக்கிறது. வரிகளை இரட்டிப்பாக்கும் இன்டர்லேஸ் முறையில் 512 வரியுள்ள திரையில் 450ஆம் வரியில் பதித்த வட்டுச் சின்னம், 256 வரித் திரைக்குத் திரும்பினால் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கும். தானாகப் பதிந்தது என்றால் பயனருக்கு அது போன இடமே தெரியாது.

தானியங்கி வேண்டும் என்போருக்கு ஒரு நடுவழி உண்டு: சாளரத்தை மூடும்போது மட்டும், வன்வட்டில் மட்டும், ஏற்கெனவே இன்ஃபோ உள்ள சின்னங்களுக்கு மட்டும். இந்த மூன்று வரம்பும் இல்லாமல் அந்தத் தேர்வைச் சேர்ப்பதை ஏற்கமாட்டேன். ஆகவே சொல்லில் அழுத்தம் விழவேண்டியது 'வட்டில் எழுதுகிறது' என்பதில். அந்த வகையில் 'பதி' என்ற வினை சரி. 'இடம் பதி'.

* * *

> 'இடம் பதி'

ஏவலாகவும் அமைந்தது, சிறியதாகவும் இருக்கிறது. பதி என்றாலே ஊர், உறைவிடம் என்ற பழம்பொருள் இருப்பது கூடுதல் மகிழ்ச்சி. எதிர்ச்சொல்லுக்கு 'இடம் விடுவி' எப்படி?

நீளக் கணக்கும் பார்த்தேன். 3.1க்குப் பல்பைட் எழுத்து தெரியாது, எழுத்துருவில் 256 இடங்கள்தான். ஆகவே யூடிஎஃப்-8 உதவாது, திஸ்கி போன்ற எட்டுபிட் குறியேற்றம்தான் வழி. திஸ்கியில் 'இடம் பதி' இடைவெளியோடு 7 பைட், 'இடம் விடுவி' 9 பைட். 'இடப்பதிவு நீக்கு' 12 ஆகும்.

எழுத்துரு பற்றி ஒரு குறிப்பு. அமிகாவின் இயல்பு எழுத்துருவான டோபாஸ் 8இன் எட்டு வரி உயரத்தில் இகர, உகரக் குறிகள் அடங்காது. 13 வரிக்குக் குறையாமல் வரையவேண்டும். 155ஆம் இடத்தில் எந்த எழுத்து இருந்தாலும் மெனுவில் ஒழுங்காகத் தெரியும், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஷெல் சாளரத்தில் காணாமல் போகும். அந்தச் சாளரத்தில் எழுத்தைக் காட்டும் கன்சோல் அந்த எண்ணைக் கட்டுப்பாட்டுக் குறியின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு அடுத்துவரும் சில எழுத்துகளையும் விழுங்கிவிடும். எனவே ஷெல் செய்திகளை இப்போதைக்கு ஆங்கிலத்திலேயே விடுங்கள்.

* * *

'விடுவி' என்றால் அதுவரை சிறைப்பட்டிருந்ததாக ஆகிறது. பூட்டவே இல்லை என்று முளைக்காரர் சொன்னது சரிதானே? அன்ஸ்னாப்ஷாட் கொடுத்தவுடன் சின்னம் இம்மியும் அசையாது. அடுத்தமுறை திறக்கும்போதுதான் வேறு இடத்துக்குப் போகலாம். இன்ஃபோ கோப்பும் அழிவதில்லை. பதிந்திருந்த இடம் மறக்கப்படுகிறது, அவ்வளவே.

'இடம் மற'. திஸ்கியில் 6 பைட். மனத்தில் பதிவதும் மறப்பதும் தமிழில் ஏற்கெனவே இணைதான், புதிதாக யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. நீக்கு என்ற சொல்லின் நிழலும் இல்லை.

* * *

முளையைப் பிடுங்கிக்கொள்கிறேன். 'இடம் பதி', 'இடம் மற' இரண்டுக்கும் என் ஒப்புதல்.

ஆனால் 'விண்டோ' மெனுவில் உள்ள ஸ்னாப்ஷாட்டை மறந்துவிடாதீர்கள். அதன் கீழ் விண்டோ, ஆல் என்று இரண்டு. முதலாவது சாளரத்தின் இடம், அளவு, பெயர்வரிசையா சின்னமா என்ற காட்சிமுறை எல்லாவற்றையும் எழுதுகிறது. அங்கே 'இடம் பதி' போதாது.

* * *

அங்கே 'அமைப்பைப் பதி' என்று வைக்கிறேன். உட்பிரிவுகள் 'சாளரம் மட்டும்', 'சின்னங்களோடு'. 'எல்லாம்' என்று போட்டால் எல்லாச் சாளரங்களும் என்று கொள்ள இடமுண்டு.

மொழிக்கோப்பில் மாற்றிவிட்டேன். குறுக்குவிசைகளைத் தொடவில்லை. வலது அமிகா விசையோடு எஸ், யூ அப்படியே இருக்கும், விசைப்பலகை மாறப்போவதில்லை. உதவிக் குறிப்பில் பெயர்ச்சொல் தேவைப்படும் இடங்களில் 'இடப்பதிவு'. தானியங்கித் தேர்வு அந்த மூன்று வரம்போடு வந்தால் அதன் பெயர் 'மூடும்போது இடம் பதி'. வராவிட்டால் அந்த வரியை விட்டுவிடலாம்.

சோதிப்பவர்கள் வட்டின் நகலில் சோதியுங்கள். எழுதுதடைத் துளையை ஒருமுறை திறந்தும் ஒருமுறை மூடியும் பாருங்கள், தடைச் செய்தியின் தமிழ் வரி பொத்தானுக்குள் அடங்குகிறதா என்று தெரியவேண்டும்.