கராஜில் பாதியில் நின்ற விமானம் பறக்குமா என்று பார்க்கப் போன அனுபவம்

வீட்டில் கட்டிய விமானத்தைச் சோதிக்கப் போனால் பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். முழு உண்மை. என் அனுபவத்தில் பெயின்டே இல்லை, அதுவே எனக்கு உதவியாகப் போனது.

அமெரிக்காவில் ஓஹையோவில் விமான மெக்கானிக்காக இருந்தபோது ஒரு பெரியவர் கூப்பிட்டார். அவருடைய அண்ணன் இருபது வருடமாகக் கட்டிவந்த விமானம் கராஜில் கிடந்தது. அண்ணன் காலமாகிவிட்டார். "இது பறக்குமா, இல்லை விறகுதானா? ஒளிக்காமல் சொல்லுங்கள்" என்றார்.

அது பீட்டன்போல் ஏர் கேம்பர். மினசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல் 1929இல் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினை வைத்துப் பறக்கவிட்ட, இரண்டு பேர் உட்காரும் மர விமானம். வரைபடத்தை வாங்கி இன்றும் வீட்டிலேயே கட்டுகிறார்கள். எனவே டிசைனில் எனக்குச் சந்தேகமில்லை. கட்டியவரின் கை எப்படிப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இறக்கைக்கு இன்னும் துணி போர்த்தவில்லை. உள்ளே நீளவாக்கில் முதுகெலும்பு மாதிரி ஓடும் ஸ்பார் என்ற மரக்கட்டைதான் மொத்தப் பாரத்தையும் தாங்குவது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து மரத்தின் ரேகையைப் பார்த்தேன். பதினைந்து அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் ரேகை சரியக் கூடாது. இங்கே நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. அருமையான ஸ்ப்ரூஸ் மரம்! அப்புறம் பசை போட்ட ஒட்டுகளில், இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கும் மெல்லிய ஃபீலர் கேஜ் தகட்டை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எங்கும் நுழையவில்லை. இடது இறக்கையின் உள்முனையில் மட்டும் கூரை ஒழுகிய கறை இருந்தது. அங்கே ஒட்டு விட்டுப்போய், தகடு அரை அங்குலம் தடையில்லாமல் உள்ளே போய்விட்டது. வயிற்றைப் பிசைந்தது.

இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் போல்ட்டுகள் அடுத்த அதிர்ச்சி. விமானத்துக்கான எஃகு போல்ட்டின் தலையில் நட்சத்திரம் மாதிரி ஒரு குறி இருக்கும். இவற்றில் தலை மொழுக்கென்று இருந்தது. ஹார்டுவேர் கடைச் சரக்கு. அளவு பார்க்கத் தற்காலிகமாக மாட்டியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியில் பெரியவர் ஒரு நோட்டை நீட்டினார். இந்த விமானத்தில் பைலட் பின் இருக்கையில், இறக்கைக்குப் பின்னால் உட்காருவார். அதனால் வால் பக்கம் கனத்துவிடும். ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் சமமாக நிற்கும் புள்ளி, அளவுக்கு மேல் பின்னால் போனால், மேலே கிளம்பிய விமானம் பைலட்டின் கைக்கு அடங்காது. தூக்கிப் பிடிக்கும் இறக்கையைப் பின்னுக்கு நகர்த்தினால் அந்த வால் கனம் சரியாகும். அண்ணன் தன் எடையையும் போட்டுக் கணக்குப் பார்த்து, இறக்கையை மூன்று அங்குலம் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்று பென்சிலால் எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். அதைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. விஷயம் தெரிந்த மனிதர்.

"பறக்கும். ஆனால் இடது இறக்கையின் அந்த ஒட்டைப் பிரித்து, நனைந்த மரத்தை மாற்றிய பிறகுதான்" என்றேன். பெரியவர் ஒன்றும் பேசாமல் இறக்கையின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றார்.

அந்தப் போல்ட்டுகளை மட்டும் விட்டுவர மனம் வரவில்லை. அவர் அனுமதியோடு அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றி, கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.