பிள்ளைகள் கேட்ட கேள்வியில் மாட்டிக்கொண்டதுண்டா?

ஞாயிறு பள்ளி டீச்சர், வேளச்சேரி

சி.எஸ்.ஐ. சபை ஒன்றில் பதினான்கு வருடமாக ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள். ஒரு விஷயம் ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது.

2023 டிசம்பர் 10. மிக்ஜாம் மழை ஓய்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் பக்கத்துத் தெருக்களில் நனைந்த மெத்தையும் ஊறிப்போன சோபாவும் வாசலில் கிடந்த நேரம். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒத்திகை பார்க்க வேண்டிய நாள். ஆனால் பாதிப் பிள்ளைகள் வரவில்லை, மேய்ப்பர்களில் இரண்டு பேரைக் காணோம், மரியாளும் ஊருக்குப் போய்விட்டாள். சரி, பாடமாவது எடுப்போம் என்று அலமாரியிலிருந்து என் பழைய தாம்பாளத்தை எடுத்தேன்.

டீச்சர்மாருக்குத் தெரிந்திருக்கும். மத்தேயு 7-ஆம் அதிகாரம், பாறைமேல் வீடு கட்டின புத்திசாலியையும் மணல்மேல் கட்டின முட்டாளையும் பற்றி இயேசு சொன்ன உவமை. தாம்பாளத்தில் ஒரு பக்கம் கருங்கல், மறுபக்கம் மணல், இரண்டின் மேலும் தீப்பெட்டியில் செய்த வீடு. சொம்பால் தண்ணீர் ஊற்றினால் மணல் வீடு சாயும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். வருடா வருடம் கைதட்டியிருக்கிறார்கள்.

அன்று ஒருவரும் தட்டவில்லை. முன்வரிசையில் எட்டு வயதுப் பையன் ஒருவன் சாய்ந்த தீப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான்: "டீச்சர், எங்க வீடு இடியல. ஆனா உள்ள தண்ணி வந்துடுச்சு. ஃபிரிட்ஜ் மிதந்துச்சு. அப்ப நாங்க பாறையா, மணலா?"

"அது வந்துப்பா..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது என்று சொல்லி, ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டேன். மணி அடிக்கவில்லை. நான்தான் பத்து நிமிஷம் முன்னாடியே முடித்தேன்.

விசுவாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் நீங்கள் மாட்டிக்கொண்ட கதை இருந்தால் எழுதுங்களேன். அறிவுரை வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற சைட் இன்ஜினியர், பல்லாவரம்

டீச்சரம்மா, உங்கள் தாம்பாளத்தில் தொழில்ரீதியாக ஒரு குறை இருக்கிறது. சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மணல் என்றதும் நமக்கு மெரினா ஞாபகம் வருகிறது. கடற்கரையில் வீடு கட்டுகிற அளவுக்கு யார் முட்டாள் என்று பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இயேசு சொன்ன நாட்டில் மணல் என்றால் பெரும்பாலும் வறண்ட ஆற்றுப் படுகை. கோடையில் பார்த்தால் சமதளமாக, வேலைக்குச் சுலபமாக, அழகாக இருக்கும். மழைக்காலத்தில் மலையிலிருந்து வெள்ளம் அதே வழியாகத்தான் வரும். நம் ஊரில் ஏப்ரல் மாதத்தில் ஏரிக்குள் மனை பார்த்து அட்வான்ஸ் கொடுக்கிறோமே, அதே கதை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. கிடைப்பதற்குள் சுற்றி எவ்வளவு வீடு வந்துவிட்டது என்று உங்களுக்கே தெரியும்.

பாறைக்கும் நமக்குப் பஞ்சமில்லை. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தலையை நீட்டிக்கொண்டிருக்கிற கருங்கல்லுக்குப் பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறைதான் என்பதால், 1893-இல் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பெயரை வைத்தார். கடைக்கால் போட அதைவிட நல்ல தரை கிடையாது. ஆனால் எல்லா இடத்திலும் அது மேலேயே கிடைக்காது, தோண்ட வேண்டும். இதை மத்தேயு சொல்லவில்லை, லூக்கா சொல்கிறார். "ஆழமாய்த் தோண்டி" என்று ஒரு வார்த்தை கூடுதலாக இருக்கும், 6-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். இடிந்த வீட்டுக்காரனும் லூக்காவில் மணலில் கட்டவில்லை. வெறும் மண்ணின்மேல் அஸ்திபாரமில்லாமல் கட்டினான், அவ்வளவுதான்.

இந்த வசனம் எனக்குத் தெரிந்த விதம் வேறு. 2006-இல் மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டு வேலை. லீவு நாள் என்று மகளும் சைட்டுக்கு வந்திருந்தாள், ஆறாம் வகுப்பு. ஐந்தடி தோண்டியும் கையில் பிசுபிசுக்கிற களிமண். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. "போதும் சார், கான்கிரீட்ட போட்டுடுங்க" என்று ஓனர் அவசரப்படுத்தினார். ஆட்களுக்கும் அதே எண்ணம், எனக்கும் அதே எண்ணம். மேஸ்திரியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து மகள், வசனப் போட்டிக்குப் படித்த அதே ராகத்தில், "அப்பா, லூக்கால ஆழமாய்த் தோண்டின்னு இருக்கே?" என்றாள். மேஸ்திரி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் மூன்றடி இறக்கச் சொன்னேன். கெட்டித் தரை தட்டியது. ஓனர் கடைசிப் பில்லில் கை வைத்தார்.

பெருமைக்குச் சொல்லவில்லை. அவள் அன்று வந்திராவிட்டால் ஐந்தடியிலேயே போட்டிருப்பேன். அவள் வராத சைட்டுகளைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

இரண்டு பையன்களின் அப்பா, அயனாவரம்

என் சின்னவன் வாராவாரம் மனப்பாட வசனமாக "இயேசு கண்ணீர் விட்டார்" ஒன்றையே சொல்லி, ஏழு வாரம் ஏழு ஸ்டார் வாங்கிவிட்டான். எட்டாவது வாரம் டீச்சர் பிடித்துக்கொண்டார். "ஏன் அழுதார்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டதற்கு, "ஃபிரெண்டு செத்துட்டாரு, லேட்டா போயிட்டாரு" என்றானாம். வீட்டில் மூத்தவன் நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்தில் பாதியை ஒப்பிக்கிறான், ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. கப் அவனுக்குத்தான் கிடைத்தது.

1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரைக்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியது, வாரமெல்லாம் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கட்டும் என்று. வாரமெல்லாம் டியூஷன் போகிற பிள்ளைகளுக்கு நாம் ஏழாவது நாளும் பரீட்சை வைக்கிறோம். என் புலம்பல் இது, விடுங்கள்.

ஒரு அம்மா, பெரம்பூர்

எல்.கே.ஜி. சீட்டுக்கு அலைந்தவர்களுக்கு இது புரியும். ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தது. கூடவே, சபைக்கு ஒழுங்காக வருகிற குடும்பம் என்று ஆயரிடம் ஒரு கடிதம் கேட்டார்கள். நாங்கள் போய்க்கொண்டிருந்தது கிறிஸ்துமஸ், டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை, யாராவது சொந்தக்காரர் கல்யாணம். அப்புறம் என்ன, தொடர்ந்து ஐந்து ஞாயிறு போனோம். அதுவும் முன் பெஞ்சில், ஆயர் கண்ணில் படுகிற மாதிரி. என் கணவர் கீர்த்தனைகளைச் சத்தமாக வேறு பாடினார். அவர் பாடி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கடிதம் கிடைத்தது, சீட்டும் கிடைத்தது. ஆறாவது ஞாயிறு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தோம். ஏழரை மணி இருக்கும். மகள் கட்டில் பக்கத்தில் நிற்கிறாள். வெள்ளை ஃபிராக்கைத் தானே மாட்டியிருக்கிறாள், பட்டன் பின்னால் திறந்து கிடக்கிறது, ஒரு காலில் மட்டும் சாக்ஸ். "சர்ச்சுக்கு டைம் ஆச்சு" என்றாள். "இன்னைக்கு வேணாம்டா குட்டி" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஸ்கூல் கெடச்சிருச்சு, அதனால இயேசப்பாவப் பார்க்க வேணாமா?" என்று கேட்டாள். கிண்டலே இல்லை. நிஜமாகவே விதி என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

என் கணவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் அயர்ன் பாக்ஸைத் தேடினார்.

இப்போதும் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் போகிறோம், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பின் பெஞ்சில் உட்காருகிறோம்.

பட்டினப்பாக்கத்தில் வளர்ந்தவள்

நாங்கள் கத்தோலிக்கர்கள், கடல்காரக் குடும்பம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். எனக்குப் பதினோரு வயது. சாந்தோம் கோயிலில் காலைப் பூசை முடிந்து தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். எதிரே ஆட்கள் ஓடி வந்தார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று முதலில் புரியவில்லை. ஒரு ஆள் ஒற்றைச் செருப்போடு ஓடியது மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போட்டும் வலையும் போனது. அன்று மத்தியானம் பள்ளிக்கூடக் கட்டிடம் ஒன்றில் எல்லோரையும் தங்கவைத்திருந்தார்கள். நான் என் வயதுப் பிள்ளைகளிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்: "நாங்க பூசைக்குப் போனோம், அதான் கடவுள் எங்களக் காப்பாத்திட்டார்." மறைக்கல்வியில் அப்படித்தானே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்? பரிசு வாங்கின பிள்ளை நான்.

தாத்தா வந்து என் வாயைப் பொத்தினார். அடிக்கவில்லை, பொத்தினார். உள்ளங்கை முழுக்க வலை இழுத்த காய்ப்பு, உதட்டில் சொரசொரவென்று உரசியது. காதருகே குனிந்து, "மெதுவாப் பேசு. அந்தாண்ட அவ புள்ளையத் தேடிக்கினு இருக்கா. காதுல விழப் போவுது" என்றார்.

தினமும் ராத்திரி ஜெபமாலை சொல்லாமல் சாப்பிடாத மனுஷன். அன்று ஜெபமாலை சொல்லவில்லை. அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்துவிட்டு, விடியற்காலையில்தான் வந்தார். பிள்ளை கிடைக்கவில்லை.

ரொம்ப நாள் கழித்து, ஏன் அந்தப் பிள்ளையை மட்டும் கடவுள் விட்டுவிட்டார் என்று அவரிடம் கேட்டேன். இப்படிக் கேட்பது பாவமா என்றும் கேட்டேன். "நம்ம கோயில்ல கல்லறை வெச்சிருக்கமே தோமையார், அவரே 'காயத்துல வெரல வுட்டுப் பாத்தாதான் நம்புவேன்'னவரு. கேளு, கேட்டுக்கினே இரு" என்றார். பதில் சொல்லவில்லை.

இப்போது என் மகளுக்கு ஏழு வயது. அதே கேள்வியைப் போன மாதம் என்னிடம் கேட்டாள். தாத்தாவின் கையைப் பற்றிச் சொன்னேன். எனக்கு வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

ஒரு தகப்பன், ஆவடி

மேலே இருப்பதைப் படித்துவிட்டு இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு நாள் யோசித்தேன்.

நாங்கள் பெந்தெகொஸ்தே சபை. வீட்டில் டிவி கிடையாது, காலை ஐந்து மணிக்குக் குடும்ப ஜெபம், தூங்கி வழிந்தால் பிரம்பு. "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து" என்ற நீதிமொழிகள் வசனத்தைக் கதவுக்கு மேலே மாட்டியிருந்தேன். நடத்து என்றால் தள்ளு என்று எடுத்துக்கொண்டேன்.

2011 ஏப்ரல் 2, சனிக்கிழமை. எங்கள் சபையில் முழு இரவு ஜெபம். மும்பையில் உலகக்கோப்பை இறுதிப் போட்டி. மகனுக்குப் பதின்மூன்று வயது. கேட்கவே இல்லை அவன், கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். முழங்காலில் என் பக்கத்தில் நின்றான். பதினோரு மணி வாக்கில் தெருவில் வெடிச்சத்தம் கிளம்பியது, ஊரே கத்தியது. கண்ணைத் திறந்து பார்த்தேன். அவன் கண்ணை இறுக்க மூடியிருந்தான், கன்னத்தில் தண்ணீர். பக்கத்தில் இருந்த சகோதரர் அது அபிஷேகம், பரிசுத்த ஆவி இறங்கியிருக்கிறது என்று நினைத்து, "ஸ்தோத்திரம்" என்றார். நானும் ஸ்தோத்திரம் என்றேன். தெரிந்தேதான் சொன்னேன்.

இப்போது பெங்களூரில் இருக்கிறான். சபைக்குப் போவதில்லை. "கோபமெல்லாம் இல்ல டாடி" என்பான். போன வருடம் எனக்குக் கண் ஆபரேஷன். பத்து நாள் லீவு போட்டு வந்து, வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டான். படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ராத்திரியில் என் வேதாகமத்தை எடுத்து அவனே வாசித்தான். நான் கேட்கவில்லை. முதல் நாள், "எங்க விட்டீங்க?" என்று மட்டும் கேட்டான். வாசிப்பதற்கு முன்னால் அன்றைய மேட்ச் ஸ்கோரைச் சொல்வான், அதையும் நான் கேட்கவில்லை. இரண்டாவது நாளிலிருந்து யார் எவ்வளவு அடித்தார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

ஞாயிறு பள்ளி டீச்சர், வேளச்சேரி

எல்லாவற்றையும் படித்தேன். பட்டினப்பாக்கத்துத் தங்கச்சி எழுதியதை மட்டும் மூன்று தடவை.

என் கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தேன், மீதியையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜினியர் அண்ணன் சொன்ன லூக்கா வசனம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஞாயிறு தாம்பாளத்தை எடுக்காமல், அந்தப் பையனிடம், "நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியலப்பா. மழை ரெண்டு வீட்டு மேலயும்தான் பெய்யுதுன்னு வசனத்துல இருக்கு, அத நான் சரியா கவனிக்கல. உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான், பிள்ளை கொட்ட ஆரம்பித்துவிட்டான். கரண்ட் இல்லை. தண்ணீர் கட்டிலைத் தொட்டதும் மாடி வீட்டு பாய் இறங்கி வந்து இவன் பாட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்று நாள் அங்கேயே இருந்தார்கள். மொத்தம் பதினோரு பேர், ஒரே கேஸ் அடுப்பு. கிடைத்தது ஒரு பால் பாக்கெட், அதை அந்த வீட்டு அம்மா தன் பேரனுக்குக் கொடுக்காமல் முதலில் இவன் தங்கச்சிக்குக் காய்ச்சிக் கொடுத்தார். ராத்திரி பாட்டி ஜெபம் பண்ணும்போது அவர்கள் ரேடியோவை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "அப்ப பாய் வீடுதான் பாறையா டீச்சர்?" என்றான்.

இயேசுவின் வார்த்தையைக் கேட்டுச் செய்கிறவன்தான் பாறையில் கட்டினவன் என்று அந்த வசனத்தில் இருக்கிறது. அவர்கள் கேட்டதில்லை, செய்தார்கள். நான் வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். இதையெல்லாம் எட்டு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, இந்தத் தடவை நிஜமாகவே மணி அடித்தது. பிள்ளைகள் யாரும் எழுந்திருக்கவில்லை.