மீன் தராசும் ஒரு சிறுவனின் கேள்வியும்: உதவி தேவை

அன்பான சகோதர சகோதரிகளே, திருகோணமலையில் ஞாயிறு பாடசாலை நடத்துகிறேன். சென்ற வாரம் நேர்மையைப் பற்றிய பாடம். லூக்கா 19ஆம் அதிகாரத்துச் சகேயுவை, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னவரை, நடித்தே காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். "ரீச்சர், அப்பா மீன் நிறுக்கும் தட்டின் அடியில் வலை ஈயக்குண்டு ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறார். வாங்குகிறவர்களிடம் நான் சொல்ல வேண்டுமா?"

எனக்கு நா எழவில்லை. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்கிறது நீதிமொழிகள் 11:1. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணச் சொல்வதும் அதே வேதாகமம்தான். சகேயு தன் பிழையைத் தானே ஒப்புக்கொண்டார். இவனோ தகப்பனின் பிழையைச் சுமக்கிறான். (பொய் சொன்னதால் விழுந்து இறந்த அனனியா, சப்பீராள் தம்பதியின் கதையைச் சொல்லிப் பயமுறுத்த எனக்கு மனம் வரவில்லை.)

தகப்பனிடம் நான் பேசினால் பையனுக்கு அடி விழும். சபையில் சொன்னால் ஊரே அறிந்துவிடும். இப்படி ஒரு பிள்ளையைச் சந்தித்த ஆசிரியர்கள் இருந்தால், அவனிடம் என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். வசனங்கள் வேண்டாம், அவை என்னிடம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவன் பதில் கேட்டு வருவான்.