ஸ்ட்ராட்டோஸ்பியரில் தூசு ஏறியது யாரால்: சீன நிலக்கரியா, குட்டி எரிமலைகளா?

புகைக்கூண்டு:
1991-ல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்ததற்குப் பிறகு அந்த அளவுக்கு எந்த எரிமலையும் வெடிக்கவில்லை. ஆனாலும் ஹவாயின் மௌனா லோவாவிலும் கொலராடோவின் போல்டரிலும் உள்ள லைடார்களை (லேசர் ஒளி வீசித் தூசை அளக்கும் கருவி) வைத்து 2009-ல் வந்த ஆய்வு, 20 கிமீக்கு மேலே, ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற வளிமண்டல மேலடுக்கில் உள்ள கந்தக அமிலத் துளிகள் (தூசு என்பது இது போன்ற நுண்துகள்களைத்தான்) 2000 முதல் வருடத்துக்கு 4 முதல் 7 சதவீதம் கூடியதாகச் சொன்னது. அதே சமயத்தில், இந்தத் துளிகளுக்கு மூலமான சல்பர் டை ஆக்சைடைக் கக்கும் நிலக்கரி எரிப்பு சீனாவில் எப்படி ஏறியது என்று எல்லோருக்கும் தெரியும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

எரிமலைப்பித்தன்:
இரண்டு ஊரில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு உலகத்துக்கே தீர்ப்பா? 2006 மே 20, மான்செராட் தீவில் சூஃப்ரியர் ஹில்ஸ் வெடித்தது. கக்கிய சல்பர் டை ஆக்சைடு சுமார் 2 லட்சம் டன்தான், பினாட்டுபோவில் நூறில் ஒரு பங்கு, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் கலிப்சோ செயற்கைக்கோள் அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் மேலே போயிருந்தது. ஜூனில் அதன் லைடார் வேலையை ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே, 20 கிமீ உயரத்தில் அந்தப் படலம் மெல்லிய பட்டையாகத் தெரிந்தது, அப்புறம் வெப்பமண்டலக் காற்றோடு மாதக்கணக்கில் மெதுவாக மேலேறியது. அக்டோபரில் பப்புவா நியூ கினியின் தவுர்வுர், 2008-ல் அலாஸ்காவின் கசடோச்சி, 2009-ல் ரஷ்யாவின் சாரிசெவ் என்று வரிசையாக எரிமலைகள் வெடித்தன. சீனாவை இழுக்க வேண்டிய அவசியமே இல்லை.

புகைக்கூண்டு:
கலிப்சோ 2006-ல் வந்தது. அதற்கு முந்தைய அளவுக்கு சேஜ்-2 என்ற செயற்கைக்கோள் கருவி, அது 2005-லேயே நின்றுவிட்டது. அதுவும் உதிக்கும், மறையும் சூரியனைப் பார்த்து அளப்பது, நாளுக்கு முப்பது இடம் தேறும். பினாட்டுபோ சமயத்தில் கீழ்ப்பகுதியில் வெளிச்சமே ஊடுருவாமல் தரவில் ஓட்டை. 1982-ல் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்தபோது அதுவும் இல்லை, துருவப் பக்கம் மட்டும் பார்த்த சாம்-2 கருவிதான். இந்த ஒட்டுத்துணியை வைத்தா இவ்வளவு உறுதி?

நிலவன்:
ஓட்டை 91-ல், கேள்வி 2000-க்குப் பிறகு. பினாட்டுபோ தூசு அடங்கிய பிறகு வந்த அமைதியான வருடங்களை சேஜ்-2 ஒழுங்காகவே அளந்திருக்கிறது. நடுவில் என்விசாட் செயற்கைக்கோளின் கோமோஸ் கருவி 2002 முதல் 2012 வரை இருந்தது. இடைவெளி எங்கே சார்?

புகைக்கூண்டு:
சரி, ஆசியப் பருவமழைக்கு மேலே வருடா வருடம் கோடையில் வரும் தூசு அடுக்கு? அதுவும் கலிப்சோ தரவில் கண்டதுதான். ஹைதராபாத்திலிருந்து இஸ்ரோவும் நாசாவும் பலூன் விட்டுப் பார்த்தார்கள். எரிமலை இல்லாமலே இருக்கிறது, மனிதக் கைவரிசை.

எரிமலைப்பித்தன்:
இருக்கிறது, யார் மறுத்தார்கள்? ஆனால் அது 13 முதல் 18 கிமீ வரை. நீங்கள் ஆரம்பித்தது 20 கிமீக்கு மேலே. பலூனில் நிறைய கிடைத்தது நைட்ரேட், நிலக்கரிக் கந்தகம் அல்ல. 2013-ல் கணினி மாதிரி வைத்துக் கணக்கு போட்டவர்களும் ஆசியப் புகையின் பங்கு சொற்பம், ஏற்றம் பெரும்பாலும் எரிமலையால் என்றே முடித்தார்கள். இன்னொன்று, சீனா 2010-களில் சல்பர் டை ஆக்சைடை வெகுவாகக் குறைத்துவிட்டது. ஆனால் 2019-ல் ராய்கோக்கே வெடித்ததும் மேலே தூசு எகிறியது, 2022-ல் ஹுங்கா டோங்கா வெடித்ததும் மறுபடி எகிறியது. அதற்கு எந்த அனல்மின் நிலையத்தைக் காட்டுவீர்கள்?