புதுப்பிப்பு: மட்டை ஸ்ரேசன்ர சுவர் நிமிந்திட்டுது

மாரி தொடங்கினோடன, என்ர மாதிரி ரயில் பாதைக்கு மட்டைக் கிட்டில (வெட்டி ஒட்டிக் கட்டுற மட்டைத் தொகுதி) கட்டின குட்டி ஸ்ரேசன்ர சுவரெல்லாம் வில்லு மாதிரி வளைஞ்சு போச்செண்டு எழுதி, என்ன செய்யலாமெண்டு கேட்டிருந்தன் தானே, இப்ப நேரா நிக்குது, சரியான சந்தோசம். மட்டை ஈரத்தைக் குடிச்சா விரியும், ஒரு பக்கம் மட்டும் கம் பூசினா காயேக்க அந்தப் பக்கம் இழுக்கும், அதான் காரணம். இப்ப வெட்ட முதலே ரெண்டு பக்கமும் மெல்லிசா வார்னிஷ் ஸ்பிரே அடிச்சுக் காய விட்டுட்டு, உள்ளுக்கு தடிச்ச மட்டையில முண்டு குடுத்து, கம்மை ஈர்க்கால தொட்டுத்தான் வைக்கிறன். வெட்டின ஓரத்தில தெரியிற வெள்ளைக் கோட்டையும் செங்கல் நிறப் பென்சிலால தேய்ச்சு விடுங்கோ, மூலை அவ்வளவு வடிவா வரும்.

அடுத்தது மாங்குளம் ஸ்ரேசன். அதுக்கு கிட் இல்லை, நாங்களே கீறி வெட்டோணும். எங்கட நாட்டு ரயில் பாதையின்ர அகலம் 1676 மி.மீ., 1:76 அளவில 22 மி.மீ. வரும், ஆனா கடையில வாற ஓஓ (1:76 அளவு மாதிரி ரயில்) தண்டவாளம் 16.5 மி.மீ. தான், அதால பிளாட்போம் ஓரத்தை தண்டவாளத்தில இருந்து அளக்காம கோச்சிப் பெட்டியை ஓடவிட்டு அளந்து வையுங்கோ. 1990ல நிண்ட கோச்சி 2013ல தான் மாங்குளம் தாண்டி திரும்ப கிளிநொச்சிக்கு வந்தது, எனக்கு கட்டோணும் எண்டு ஆசை அந்த 90க்கு முந்தின கட்டடம். ஆரிட்டையும் பழைய படம் இருந்தா, கூரையும் யன்னலும் தெரியிற மாதிரி, போட்டு விடுங்கோ.