சித்தப்பாவின் வால்வு ஆபரேஷனும் தொண்டைக்குழாயும்

மாலதி சித்தி: கவி, இன்று கையெழுத்து வாங்கிய தாளில் உணவுக்குழாய் எக்கோ என்று ஏதோ இருந்தது. நெஞ்சைத் திறந்துதானே வால்வைச் சரிசெய்யப் போகிறார்கள், தொண்டைக்குள் எதற்குக் குழாய்?

கவிதா: டீஈஈ (TEE) என்போம் சித்தி, உணவுக்குழாய்க்குள்ளிருந்து ஒலி அலையால் இதயத்தைப் படமெடுப்பது. உணவுக்குழாய் இதயத்தின் இடது மேலறைக்கு நேர் பின்னால்தான் இறங்குகிறது, அங்கிருந்து பார்த்தால் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு பளிச்சென்று தெரியும். சரிசெய்த வால்வு கசிகிறதா என்று மார்பை மூடுவதற்கு முன்பே பார்த்துவிடலாம், கசிந்தால் அங்கேயே திருத்திவிடலாம்.

அருண்: எவ்வளவு தடிமன் அக்கா? வீடியோவில் பார்த்தேன், பயமாக இருந்தது

கவிதா: நுனி ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் டியூப் போட்ட பிறகுதான் விடுவோம். அவருக்கு ஒன்றும் தெரியாது.

மாலதி சித்தி: அப்படியே தள்ளிவிடுவீர்களா?

கவிதா: தள்ளவே கூடாது! ஆடும் பல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வயிற்றுக் காற்றை மெல்லிய குழாயால் உறிஞ்சிவிட்டு (காற்று இருந்தால் படம் கெட்டுவிடும்), பல் கடிக்காமல் தடுக்க வாயில் பைட் கார்டு வைத்து, நுனியில் தாராளமாக ஜெல் தடவிக்கொள்வோம். இடது கையால் கீழ்த்தாடையை முன்னால் தூக்கினால் நாக்குக்குப் பின்னால் இடம் கிடைக்கும், வலது கையால் புரோபை, அதாவது அந்த எக்கோ குழாயை, நடுக்கோடு விலகாமல், நுனியை லேசாக முன்பக்கம் வளைத்து இறக்க வேண்டும். நுனியை வளைக்கும் சக்கரத்தின் பூட்டு திறந்தே இருக்க வேண்டும், அப்போதுதான் எதிலாவது பட்டால் நுனி வளைந்து கொடுக்கும்.

அருண்: போகவில்லை என்றால்?

கவிதா: பெரும்பாலும் குரல்வளைக்குப் பக்கத்தில் உள்ள குழியில் முட்டி நிற்கும். அங்கே சுவர் மெல்லியது, அழுத்தினால் கிழியும். கொஞ்சம் பின்னால் இழுத்து, கழுத்தை லேசாக முன்னால் மடித்து, மூச்சு டியூபின் பலூனில் சிறிது காற்றைக் குறைத்துப் பார்ப்போம். நான் எப்போதும் முதலிலேயே வீடியோ லாரிங்கோஸ்கோப்பை (தொண்டையைக் காட்டும் கேமராக் கருவி) வைத்துவிடுவேன், உணவுக்குழாயின் வாய் திரையில் தெரியும், காயமும் குறைவு. கை பழகியவளுக்குக் கேமரா எதற்கு என்று ஒரு சீனியர் கேலி செய்வார், செய்துகொள்ளட்டும்.

அருண்: ஆபத்து எவ்வளவு?

கவிதா: 2001-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 7,200 இதய அறுவை நோயாளிகளைப் பார்த்தார்கள். மொத்தச் சிக்கலே 0.2 சதவீதம், உணவுக்குழாய் ஓட்டையானது 0.01 சதவீதம். சிலருக்குத் தொண்டை வலிக்கும், விழுங்கக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், அவ்வளவுதான். ஆமாம், சித்தப்பாவுக்கு விழுங்குவதில் சிரமம் ஏதாவது உண்டா?

மாலதி சித்தி: மாத்திரை நெஞ்சிலேயே நிற்கிறது என்று கொஞ்ச நாளாகச் சொல்கிறாரே

சித்தப்பா: அது பெரிய மாத்திரை. இவள் சும்மா பயப்படுகிறாள்.

கவிதா: மாத்திரை மட்டுமா சித்தப்பா, கெட்டியாக எது சாப்பிட்டாலுமா?

சித்தப்பா: சில சமயம் கெட்டியானதும்தான்

கவிதா: இதை இன்றைக்கே மயக்க டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். உணவுக்குழாயில் சுருக்கம் இருந்தால் புரோப் விடுவதே ஆபத்து, முதலில் எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பார்கள். விடவே முடியாது என்றால் சர்ஜன் வேறொரு புரோபை ஸ்டெரைல் உறை போட்டு இதயத்தின் மேலேயே வைத்துப் பார்க்கலாம், அதனால் கவலை வேண்டாம். ஆனால் மறைக்காதீர்கள்.

மாலதி சித்தி: நர்ஸிடம் சொல்லிவிட்டேன் கவி. டாக்டர் வருகிறாராம்.